லேஞ்சி போட்ட இருக்கை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பாரிஸ் லா சப்பல் பிள்ளையார்மேல் ஆணை. அது போதாதென்றால், என் இரண்டு முழங்கால்களில் நன்றாக மடங்குகிற முழங்கால்மேலும் ஆணை. சில இடங்களில் குறைத்துச் சொல்லியிருக்கலாம். கூட்டிச் சொன்னது கிடையாது.

அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அரியரத்தினத்துக்கு, ஒக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு கடிதம் வந்தது. வந்தது என்பதைவிட, இருந்தது என்பதே சரி. அவர் தகரக் கதவைத் தூக்கியபோது அது உள்ளே வெங்காய மூட்டையின்மேல் கிடந்தது. அந்தக் கதவில் கடிதம் போடுகிற துவாரம் கிடையாது.

முதலில் அதைக் கையில் எடுத்தவர் லூசியன். புதுச்சேரிக்காரர், தபால் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்க வந்து ஒரு மணி நேரம் நிற்பவர். கடித உறையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"மிசியே அரி, இந்தத் தேம்பரைப் பாருங்க" என்று தபால்தலையை விரலால் தட்டினார். "கிழக்கு ஜெர்மனி. நான் வேலைக்குச் சேந்த வருஷமே இந்த நாட்டை மூடிட்டாங்க. மேல முத்திரையும் இல்ல. இதை எந்த மகராசன் கொண்டாந்து போட்டான்?"

அரியரத்தினம் தபால்தலையைப் பார்க்கவில்லை, முகவரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன, எதிர்க்காற்றில் குடை பிடித்துப் போகிறவர்கள் போல. அந்தக் கையெழுத்தை எழுதக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அந்த ஒருவர் அரியரத்தினம்.

1985 மார்கழியில் அவரும் தம்பி சிவமணியும் கிழக்கு பெர்லினில் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த நம்மவர்களுக்கு ஐரோப்பாவின் பின்கதவு அதுதான். அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லின். பிறகு, ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் ஏற்பாடு செய்த பஸ்ஸில், இரவல் கடவுச்சீட்டுகளோடு, கிழக்கு ஜெர்மனியை ஊடறுத்து மேற்கு ஜெர்மனிக்கு. நாடு இரண்டாகக் கிடந்த காலம். பஸ் எல்லையைக் கடந்தபோது அண்ணன் அதில் இருந்தார். பத்தொன்பது வயதுத் தம்பி இல்லை. எல்லைச் சாவடியில் அவனை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

ஊரில் இருந்த அம்மா தில்லைநாயகிக்கு இதை எழுத அவருக்குக் கை வரவில்லை. வலக்கை வரவில்லை. ஆகவே தம்பி எழுதுவதுபோல இடக்கையால் எழுதினார், சிவமணி இடக்கைக்காரன். 'அம்மா, நான் பெர்லினிலை நல்ல சுகம்' என்று தொடங்கிய அந்தக் கடிதம் பதினொரு வருடம் நீண்டது. தன் கடிதத்தோடு ஒரே உறையில் அதையும் வைத்து அனுப்புவார். சிவமணிக்கு வேலை கிடைத்தது. காய்ச்சல் வந்தது, மாறியது. மீசை வைத்தான், எடுத்தான். அம்மா ஆசைப்பட்டபடியே ஒரு வவுனியாப் பிள்ளையைக் கட்டினான். கடைசியாக ஒரு மகள் பிறந்தாள். றொஷானி என்று அவளுக்குப் பெயர் வைத்தது, வேலைக்குப் போகும் ரயிலில் முழங்கால்மேல் கடதாசியை வைத்துக்கொண்டு, அரியரத்தினம். அந்தக் கடிதம் கிடைத்த மாதமே, இடம்பெயர்ந்து போன வன்னியில் அம்மா இறந்துபோனாள். தலையணைக்குள் எல்லாக் கடிதங்களும் இருந்தனவாம். அவளோடு சேர்த்து எரித்தார்கள்.

உறையைப் பிரித்தார். கல்யாணக் கார்ட். சிவப்பு, பொன் எழுத்து, மேலே பிள்ளையார். பெர்லின் சிவமணியின் ஏக புத்திரி றொஷானிக்குத் திருமணம், கார்த்திகை மாதம், சனிக்கிழமை. அடியில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி:

'அண்ணா, கட்டாயம் வா. உனக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்.'

மனைவி தயாளினிக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. தம்பியார் பெர்லினில் இருக்கிறார், சகோதரங்கள் ஏதோ கோபத்தில் கதைப்பதில்லை, அவ்வளவுதான் அவர் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது. கார்ட்டைக் கண்டதும் அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாருங்கோ, இளையவர் இறங்கி வந்திட்டார். மூத்தவருக்குத்தான் இன்னும் வீம்பு."

"அவ்வளவு தூரம் ஆர் கார் ஓடுறது? எனக்குக் கண் தெரியாது."

"நான் ஓடுறன். நீங்கள் பக்கத்திலை இருந்து சாமி கும்பிடுங்கோ."

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த ஒக்டோபர் முழுக்க அவருக்குள் ஒரே ஒரு சொல் ஓடிக்கொண்டிருந்தது: ஒருவேளை. ஒருவேளை அவனைச் சிறையில் வைத்துப் பிறகு விட்டிருக்கலாம். ஒருவேளை அவனே ஒரு மகளைப் பெற்று, அதே பெயரை வைத்திருக்கலாம். ஒருவேளை சனிக்கிழமை மண்டப வாசலில் தலை நரைத்த ஒருவன் இடக்கையில் பன்னீர்ச்செம்போடு நிற்கலாம். அவன் காலில் விழலாம். மூத்தவன் இளையவன் காலில் விழக் கூடாது என்று ஆரும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை விடிய ஐந்து மணிக்கு, பாரிஸ் புறநகர் கூசேன்வில் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். பின் இருக்கையில் பயித்தம் பணியாரமும் சிப்பிப் பலகாரமும் நிறைந்த நான்கு பிஸ்கற் டின்கள், றொஷானிக்கு ஒரு பட்டுச்சேலை. தயாளினி கார் ஓடினால் பெல்ஜியம் ஒரு நாடல்ல, ஒரு கொட்டாவி. வாயை மூடும்போது முடிந்திருக்கும். கொலோன் தாண்டும்வரை அவள் தன் மைத்துனருக்கு என்னென்ன சொல்லி ஏசப் போகிறாள் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். ஹனோவரைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. பகல் ஒரு மணிக்கே உலகம் கழுவாத பால் போத்தல்போல ஆனது. முன்னே போகும் லொறிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் அதற்குள் மெதுவாக ஊர்ந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

டிங். டிங். டிங்.

"பெல்ட் போட்டிருக்கிறியள்தானே?" என்றாள் தயாளினி.

"ஓம்."

முன்னால் பலகையில் ஒரு சின்ன உருவம் சிவப்பாக மின்னியது. பின் இருக்கை, இடப்பக்கம். அங்கே ஓர் ஆள் பெல்ட் போடாமல் இருப்பதாகக் கார் சொன்னது.

"டின்னின்ரை பாரமப்பா. கார் அதை ஆள் எண்டு நினைக்குது."

டின்கள் வலப்பக்கம் இருந்தன என்று அவருக்குத் தெரியும். விடிய அவர்தான் அடுக்கினார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. ஹீற்றரின் சூட்டில் பயித்தம்மாவின் மணமும் புதுப் பட்டின் மணமும் காருக்குள் கலந்து நின்றன. அவற்றின் அடியில் இன்னொரு மணம் மெல்லக் கசியத் தொடங்கியது. ஈரக் கம்பளியும் நிலக்கரிப் புகையும் கலந்த, தொண்டைக்குள் மண் அப்பினாற்போன்ற மணம். நாற்பது வருடத்துக்கு முன், கிழக்கு ஜெர்மனியின் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் வந்த மணம். இப்போது அந்தக் கரியை அங்கே ஒருவரும் எரிப்பதில்லை.

'ஹெல்ம்ஸ்டெட்' என்று ஒரு நீலப் பலகை வந்து போனது. அதற்கப்பால் மண்ணிறப் பலகை ஒன்று. நாட்டைப் பிரித்த கோடு இங்கேதான் போனது என்று அதில் படத்தோடு எழுதியிருந்தது. காரைப் பொறுத்தவரை அது ஒன்றுமில்லை; தாரில் ஒரு சின்ன ஒட்டு, சக்கரம் 'டக்' என்றது. அரியரத்தினத்துக்கு அந்த 'டக்' பல்லில் கேட்டது.

ஏஜென்சிக்காரனின் சட்டம் ஒன்றுதான்: பஸ்ஸுக்குள் நீங்கள் ஒருவரை ஒருவர் அறியீர்கள். தள்ளித் தள்ளி இருங்கோ. ஒருத்தன் பிடிபட்டால் மற்றவன் போகலாம். அரியரத்தினம் முன்னால் ஏறி நடுவில் இருந்தார். சிவமணி பிறகு ஏறி நான்கு வரிசை பின்னால், இடப்பக்க யன்னலோரம் இருந்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். ஆனால் பதின்மூன்று வருடம் பருத்தித்துறை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன கை அது. ஏறியதும், யோசிக்காமலே, சட்டைப் பையிலிருந்து நீலக்கட்டம் போட்ட லேஞ்சியை எடுத்துப் பக்கத்து இருக்கையில் விரித்தான். கைக்குட்டை போட்டால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். அண்ணனுக்கு இடம் பிடிக்காமல் அவன் ஒருநாளும் பஸ்ஸில் இருந்ததில்லை.

மரியன்போர்ன் சாவடியில் காவலன் ஏறினான். சாம்பல் நிற நீளக் கோட்டு. கோயில் திருவிழாவில் கச்சான் கடலை விற்கிறவன்போலக் கழுத்தில் ஒரு பெட்டி. அதைத் திறந்தால் குட்டி மேசை, முத்திரை, மை. சிவமணியின் வரிசையில் நின்றான். லேஞ்சியைப் பார்த்தான். காலியான இருக்கையில் ஒரு துணி. இது யாருக்கு? யாரோடு வந்தாய்? சிவமணி லேஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். காவலன் நிமிர்ந்து பஸ்ஸைச் சுற்றிப் பார்த்து, அதே நிறத்தில் இன்னொரு முகத்தைக் கண்டுபிடித்து, நான்கு வரிசை நடந்து வந்தான்.

"இவன் உம்முடன் வந்தவனா?"

ஜெர்மன் மொழியில் அரியரத்தினம் கற்றுக்கொண்ட ஒரே வசனம் அதுதான். தலையை ஆட்டினார். இல்லை. தெரியாது.

சிவமணி எழுந்து நடந்தபோது அண்ணனைக் கடந்துதான் போனான். அவனுடைய பழுப்பு ஸ்வெற்றரின் கை அவர் தோளில் உரசியது. திரும்பிப் பார்க்கவில்லை. சட்டத்தை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தான். பஸ் நகர்ந்தது. மேற்கு வந்தது. லேஞ்சி அந்த இருக்கையில் அப்படியே இருந்தது, ஒருவரும் அதை எடுக்கவில்லை. பாரிஸில் அகதிக் கடதாசி நிரப்பும்போது, உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில், ஏஜென்சிக்காரன் சொன்னபடி, 'இல்லை' என்று எழுதினார். இல்லாத தம்பியைப் பிறகு எந்தக் கந்தோரில் போய்த் தேடுவது?

டிங். டிங். டிங். டிங்.

"எனக்கு விசர் பிடிக்குது" என்றாள் தயாளினி. "உதிலை நிப்பாட்டிறன்."

அவள் திரும்பிய இடம் ஒரு பெற்றோல் நிலையமும் கழிவறையும் உள்ள தரிப்பிடம். அதற்கு அப்பால், பனிக்குள், உயரமான விளக்குக் கம்பங்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. நீண்ட தட்டைக் கூரைகள். பழைய சாவடியை அவர்கள் இடிக்கவில்லை; பார்க்க வருகிறவர்களுக்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். வாகனங்கள் நின்ற வரிசைகள், கண்ணாடிக் கூண்டுகள், எல்லாம் இருந்தன. ஆட்கள் மட்டும் இல்லை.

தயாளினி இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. டின்கள் வலப்பக்கம், அடுக்கியபடியே. இடப்பக்க இருக்கையில் ஆள் இல்லை. டிங். டிங்.

"இஞ்சை பாருங்கோ. இது ஆற்றை துணி?"

அவர் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். நீலக்கட்டம். நான்காக மடித்த தடம் இன்னும் கலையவில்லை.

"சீற்றிலை விரிச்சுக் கிடந்தது. உங்கடையோ? நான் உப்பிடி ஒண்டு உங்களுக்குத் தோய்ச்ச ஞாபகமில்லை."

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது முழுவதும் நாக்கில் வந்து நின்றது. இது என் தம்பியுடையது. எனக்காகப் போட்டது. அவன் பெர்லினில் இல்லை, தயா. அவன் எங்கேயும் இல்லை. அவன் எழுதியதெல்லாம் நான். நாற்பது வருடம் தாமதம், ஆனாலும் சொல்லலாம். அவள் அழுவாள், ஏசுவாள், காரைத் திருப்புவாள். ஆனால் அவன் யாருடைய தம்பி என்று இந்த உலகத்தில் இன்னும் ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்கும்.

"தெரியாது" என்றார்.

சத்தம் நின்றது.

அந்தச் சொல் முடிந்த கணமே நின்றது. முன்பலகையின் சிவப்பு உருவம் அணைந்தது. மணிக்கூடு 14:15 என்றது.

"அப்பாடா" என்றாள் தயாளினி. லேஞ்சியை அவர் கையில் வைத்தாள். "உதைக் குப்பையிலை போட்டிட்டு, ஒண்டுக்கும் போட்டுக் கெதியா வாங்கோ. இருட்ட முதல் போய்ச் சேரவேணும்."

அவர் நடந்தார். துணி சூடாக இருந்தது. மனிதர் ஒருவரின் பையில் அவர் உடம்போடு இருந்து இப்போதுதான் வெளியே எடுத்ததுபோல. குப்பைத்தொட்டி வந்தது. போட முடியவில்லை. கழிவறை வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலடியில் தார் முடிந்து கொங்கிறீற் தொடங்கியது. கரிப்புகை கண்ணை உறுத்தியது. நெடுஞ்சாலையின் இரைச்சல் எங்கே போனது என்று நின்று கேட்டார். ஒன்றுமில்லை. எங்கேயோ கூரைக்கடியில் ஒருவர் இருமினார். அடக்கி, கையை வாயில் வைத்து, மற்றவருக்குக் கேட்கக் கூடாதென்று.

திரும்பினார். வேகமாக. ஒரு கம்பம், இரண்டு கம்பம். வந்த வழியில் மூன்று இருந்தன. இப்போது ஏழு.

பிறகு காரின் விளக்குகள். கடவுளே, காரின் விளக்குகள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காரைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம். தயாளினி சிரிக்கும் சத்தம் வெளியே கேட்டது. கலியாணம் கட்டின புதிதில் அவள் சிரித்த சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனையோ வருடம்.

அவருடைய இருக்கையில் ஒருவன் இருந்தான்.

பழுப்பு ஸ்வெற்றர். ஒடுங்கிய கழுத்து. பத்தொன்பது வயது. பெல்ட் போட்டிருந்தான். மடியில் பிஸ்கற் டின் திறந்திருந்தது. இடக்கையால் ஒரு பயித்தம் பணியாரத்தை எடுத்துக் கடித்தான்.

"தயா."

கண்ணாடியைத் தட்டினார். அவள் திரும்பினாள். சந்தியில் பூ விற்க வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாளே, வேண்டாம் என்பதற்கு, அந்தச் சிரிப்பு.

"தயா, நான். நான்தான்."

பின்னால் காலடி. சாம்பல் கோட்டு. கழுத்தில் பெட்டி. மை மணம். அவன் அரியரத்தினத்தைத் தாண்டிக் குனிந்து, இறங்கிய கண்ணாடிக்குள் இருந்த பொடியனைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான். அந்த வசனம். அவருக்குத் தெரிந்த ஒரே வசனம்.

இவர் உம்முடன் வந்தவரா?

சிவமணி அண்ணனைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நல்லது. தேடிப் பார்த்தார், இல்லை. வெறும் பணிவு. சொன்னதைச் சரியாகச் செய்கிற பிள்ளையின் பணிவு.

இல்லை என்று தலையை ஆட்டினான்.

கண்ணாடி ஏறியது. கார் நகர்ந்தது. இரண்டு சிவப்பு விளக்கு. ஒன்று. இல்லை.

காவலன் அவர் முழங்கையைத் தொட்டான், வயதான ஒருவரை வீதி கடக்க வைப்பதுபோல. கூரைக்கடியில் நீளமாக ஒரு மர வாங்கு இருந்தது. அதில் ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை, வாங்கின் மறுமுனை பனிக்குள் போனது. எல்லாருடைய முகமும் வீதியை நோக்கி. ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு துணி. லேஞ்சி, கழுத்துச் சால்வை, ஒரு குழந்தையின் தொப்பி.

இந்த முனையில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

அரியரத்தினம் அங்கே போய் இருந்தார். மரம் ஈரமாக இருந்தது. சற்று நேரம் அவரும் வீதியைப் பார்த்தார். பிறகு, யோசிக்காமலே, கையிலிருந்த லேஞ்சியை உதறிப் பக்கத்து இடத்தில் விரித்து, பனிக்காற்று தூக்காதபடி அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

இதற்கும் அதே ஆணை: அந்த வியாழக்கிழமை, கார் மணிக்கூடு காட்டிய அதே பகல் இரண்டேகாலுக்கு, அரியரத்தினம் லா சப்பலில் தன் கடையில் நின்று எனக்கு முருங்கைக்காய் கட்டித் தந்துகொண்டிருந்தார்.